நர்ஸுக்கு அழுதவர்கள்

அந்தப் படத்தின் பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லை. ஓடிய நாளிலேயே ஒரகடம் பக்கத்தில் அதை "நர்ஸ் படம்" என்றுதான் சொன்னார்கள். இரண்டு நாட்டுக்குச் சண்டை. இந்த நாட்டுச் சிப்பாய் குண்டடிபட்டு அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அந்த நாட்டு நர்ஸ் அவனுக்குக் கட்டுப் போடுகிறாள். கட்டு அவிழ்வதற்குள் காதல் வந்து, பனிமலையில் டூயட்டும் ஆடிவிடுகிறார்கள். இரண்டு நாட்டுக்காரர்களும் ஒரே மாதிரி சுத்தத் தமிழில் திட்டிக்கொள்வதால், யார் எந்தப் பக்கம் என்பதைத் தொப்பியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரெல்லாம் புழுதியும் ரத்தமுமாகக் கிடக்கையில் நர்ஸின் வெள்ளை உடுப்பில் மட்டும் ஒரு கறை கிடையாது. கடைசியில் அவள் காதலனைத் தேடி எல்லை முள்வேலிக்கு ஓடி வருகிறாள். இரண்டு பக்கமும் சுடுகிறார்கள். வேலியிலேயே தொங்கிச் செத்துப்போகிறாள். உடனே இரண்டு பட்டாளமும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றுகிறது. சுட்டவர்களே அழுகிறார்கள். பார்த்த ஜனங்களும் அழுதார்கள்.

சந்தனமாரி அழவில்லை. செங்கல்பட்டுத் தியேட்டரில் அவளுக்கு இடப்பக்கம் டில்லிபாபு தேம்பிக்கொண்டிருந்தான், வலப்பக்கம் அறைத்தோழி செல்வலட்சுமி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், நடுவில் இவள் மட்டும் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் டில்லிபாபு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"இன்னா மாரி, ஒரு சொட்டு தண்ணி கூட வர்ல உனுக்கு? கல்லு நெஞ்சா?"

"அந்தப் பிள்ள நர்ஸுதான? ஆஸ்பத்திரி வண்டில ஏறி ஒழுங்கா கேட்டு வழியா வந்திருக்கலாம்லா. முள்ளுக்கம்பில போயி எதுக்கு விழுதா?"

"லவ்வுன்னா அப்டித்தான். நானா இருந்தா அவள ஓடியார வுட்டுகினு பாத்துகினு இருக்க மாட்டேன். நானே வேலிய தாண்டிப் போயிருப்பேன்."

இதைச் சொல்லும்போது டில்லிபாபு நெஞ்சை நிமிர்த்தினான். நெஞ்சை நிமிர்த்தினால் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். சந்தனமாரி ஊரையே நக்கலடிக்கிறவள். அந்த நெஞ்சைப் பார்த்ததும் அவள் நக்கல் வாயை மூடிக்கொண்டது. எவ்வளவு கெட்டிக்காரிக்கும் ஓரிடத்தில் ஓட்டை இருக்கும், அவளுக்கு அது டில்லிபாபு.

அவளுக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு ட்ரைனியாக வந்தவள். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் கம்பெனி. சிங்கப்பெருமாள் கோவிலில் தெற்கத்திப் பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். டில்லிபாபு வடக்குப்பட்டுக்காரன், வயர் வெட்டும் மிஷினில் நிரந்தர ஆபரேட்டர். அவன் கொண்டுவந்து போட்ட வயர் சிக்குப்பிடித்துக் கிடந்ததென்று ஒரு நாள் லைன் முழுக்கக் கேட்கும்படி இவள் ஏசினாள். மறுநாளிலிருந்து அவன் கொண்டுவந்த வயரெல்லாம் தலைவாரிப் பின்னியது போல வந்தது. இவர்களுடைய காதல் அப்படி ஆரம்பித்ததுதான், பனிமலையெல்லாம் தேவைப்படவில்லை.

தை மாதம் குன்றத்தூர் மலையில் தாலி கட்டுவதாகப் பேச்சு. அவன் தன் வீட்டில் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இவள் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்காமல், அம்மா கோமதியம்மாள் தன் அண்ணன் மகனுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தத்தையும் முறிக்க வைத்தாள். அதனால் கோமதியம்மாளுக்குப் பிறந்த வீட்டு வாசலே அடைத்துப்போனது. அவள் மகளிடம் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் ஒரு நா அங்க வருவேன். அந்தப் பையன் நாலு பேரு பாக்க என் முன்னால வந்து நின்னு, இந்தப் பிள்ளையத்தான் கட்டப்போறேன்னு சொல்லணும். ஒளிச்சு மறைச்சுக் கட்டிக்கிடுத சோலி நமக்கு வேண்டாம்."

இதிலென்ன கஷ்டம் என்று சந்தனமாரி நினைத்தாள். வேலியையே தாண்டுகிறவனுக்கு நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பது ஒரு வேலையா?

ஐப்பசியில் ஸ்ட்ரைக் வந்தது. கேட்டில் யூனியன் கொடி நட்டவர்களைக் கம்பெனி சஸ்பெண்ட் செய்தது. நிரந்தரத் தொழிலாளிகள் எல்லோரும் வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நியாயம் அவர்கள் பக்கம்தான் என்பதில் சந்தனமாரிக்குச் சந்தேகமே இல்லை. பாத்ரூம் போகக்கூட டோக்கன் வாங்கிப் போகிற கம்பெனி அது. ஆனால் ட்ரைனிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று போய்க் கேட்டபோது, யூனியன் செயலாளர் சண்முகசுந்தரம் கையை விரித்தார்.

"நீங்கள்லாம் கம்பெனி ஆளே இல்லம்மா. சட்டப்படி ஸ்டூடண்ட்ஸ்."

அந்த ஸ்டூடண்ட்ஸ் உள்ளே வேலைக்குப் போனதும், அதே வாய் "கருங்காலி" என்றது. ஊர் ஸ்ட்ரைக் பண்ணும்போது வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலங்காலமாக உள்ள பெயர் அது. கம்பெனி மட்டும் குறைந்ததா? எச்.ஆர். மேனேஜர் கேன்டீனில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, "நீங்கதான் இந்தக் கம்பெனியோட பட்டாளம். சண்டை முடியட்டும், அத்தன பேரும் பர்மனென்ட்" என்றார். நேற்றுவரை இவர்களை "ஏய்" என்று கூப்பிட்டவர். பர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். சந்தனமாரியும் தட்டினாள். ஊரில் வீடு ஒழுகுகிறவர்களுக்கு அந்தச் சொல் கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.

டில்லிபாபு ஆரம்பத்தில் பெருந்தன்மையாகத்தான் பேசினான்.

"நீ உள்ள போ, நா வெளிய குந்திகினு கீறேன். சண்டை மொதலாளிக்கும் யூனியனுக்கும்தான். நம்ம ரெண்டு பேருக்கும் இன்னா சண்டை?"

கேட்க நன்றாக இருந்தது. அடுத்த வாரம் கம்பெனி பஸ் மேல் செருப்பு விழுந்தது. அதற்கடுத்து பஸ்ஸின் முன்னால் ஆட்கள் படுத்தார்கள். உடனே கம்பெனி, ட்ரைனிகளை வெளியே விடாமல் உள்ளேயே தங்கவைத்துவிட்டது. பெண்கள் பயிற்சி ஹாலில் அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்தார்கள், பையன்கள் ஸ்டோர்ஸில். சாப்பாடும் குளியலும் எப்படியோ நடந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுதான் போகவில்லை. ஒருத்தி ஊரை நினைத்து அழ ஆரம்பிக்க, அது தொற்றுநோய் போலப் பரவியது. மேனேஜர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார், கேன்டீன் டி.வி.யில் ஒரு படம் போடுவது என்று.

அதே ஞாயிறு பந்தலிலும் ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர்கள் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. சண்முகசுந்தரமும் யோசித்து அதே வழியைக் கண்டுபிடித்தார். ஜெனரேட்டரும் டி.வி.யும் வாடகைக்கு வந்து இறங்கின.

ஒரகடம் கூட்டுரோட்டில் இருந்தது ஐயனாரின் சி.டி. கடை ஒன்றுதான். இரண்டு தரப்பும் அங்கேதான் ஆள் அனுப்பின, கேட்டதும் நர்ஸ் படத்தைத்தான். ஐயனாரிடம் அந்தப் படம் ஒரு செட்தான் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு படம் இரண்டு சி.டி.யில் வரும், இடைவேளை வரை ஒன்று, மீதி இன்னொன்று. இரண்டு வாடிக்கையையும் விட மனமில்லாத ஐயனார், முதல் சி.டி.யைக் கம்பெனிக்கும் இரண்டாவதைப் பந்தலுக்கும் கொடுத்து, பார்த்து முடித்ததும் கேட்டாண்ட மாற்றிக்கொள்ளச் சொன்னான். லேபர் ஆபீஸர் கெஞ்சியும் ஒரே மேஜையில் உட்கார மாட்டோம் என்றிருந்தவர்கள், இதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள். வாட்ச்மேன் சுப்பன் அங்கும் இங்கும் தூது நடந்து, மாற்றிக்கொள்ளும் நேரத்தைக்கூடப் பேசி முடித்துவிட்டார். அத்தனை வாரத்தில் இரு தரப்பும் கண்ட ஒரே உடன்பாடு அது.

ஆக, பந்தலில் படம் பின்பாதியிலிருந்து ஆரம்பித்தது. யாரும் கவலைப்படவில்லை, எல்லோரும் ஏற்கெனவே பார்த்த படம். உள்ளே கேன்டீனில் நர்ஸ் இன்னும் முதல் கட்டைப் போட்டு முடிக்கவில்லை, மதிலுக்கு வெளியே அவள் வேலியில் விழுந்து செத்துக்கொண்டிருந்தாள். ஆம்பிளைகள் மூக்குறிஞ்சும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

சி.டி.யை மாற்றும் நேரம் வந்தது. சுப்பன் கையில் கொடுக்க யூனியன் ஒத்துக்கொள்ளவில்லை, வாட்ச்மேன் கம்பெனி ஆள், வேண்டுமென்றே கீறல் போட்டுவிடுவாராம். பையன்கள் யாராவது போனால் அடி விழும் என்று மேனேஜர் பயந்தார்.

"பொண்ணுங்க யாராவது போங்கம்மா. பொண்ணுங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

"நான் போறேன் சார்" என்று சந்தனமாரி எழுந்தாள்.

செல்வலட்சுமி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

சந்தனமாரி குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள், தலையைச் சீவினாள், பொட்டு வைத்தாள். டில்லிபாபுவைப் பார்த்து வெகு நாளாகிவிட்டது. கேட்டு வரை போனால் பந்தலில் எங்காவது அவன் தலையாவது தெரியாதா என்பதுதான் அவளுக்கு. இப்படி ஒரு சி.டி.க்குப் பொட்டு வைத்துக்கொண்டு போன ஒரே கருங்காலி இந்தத் தொழிற்பேட்டையில் அவளாகத்தான் இருப்பாள்.

பெரிய கேட்டுக்குள் இருந்த சின்னக் கதவைச் சுப்பன் திறந்துவிட்டார். அந்தப் பக்கம் இரண்டாவது சி.டி.யோடு நின்றது டில்லிபாபுவேதான். யார் போவது என்று பந்தலில் பேச்சு வந்தபோது அவனை முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியாது. தன்னைப் போலவே அவனும் தானாக எழுந்து வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவன் கண் இரண்டும் சிவந்து, மூக்கு வீங்கியிருந்தது. தன்னைக் காணாமல் அழுதிருக்கிறான் என்றும் நினைத்தாள். அவளுக்கு அந்த இடம், அந்தப் பந்தல், எல்லாம் மறந்துவிட்டது.

"சாப்பிட்டீகளா?" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் ஜெனரேட்டரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். பந்தலின் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா டில்லி, கருங்காலி உன்னாண்ட குசலம் விசாரிக்குது?"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டில்லிபாபு பந்தலைப் பார்த்தான், பிறகு அவள் காலைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சி.டி.யைப் பிடுங்கிக்கொண்டு, தன் கையிலிருந்ததை அவள் மேல் எறியாத குறையாகத் திணித்தான்.

"போடி கருங்காலி. எங்க சோத்துல மண்ண போட்டுட்டு, சாப்டியான்னு வேற கேக்குறியா?"

விசில் பறந்தது. நர்ஸுக்காகத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சண்முகசுந்தரம், துண்டைத் தோளில் போட்டுவிட்டுக் கைதட்டினார். யாரோ டில்லிபாபுவின் முதுகில் பலமாகத் தட்டிக்கொடுத்தார்கள். அவன் நெஞ்சு நிமிர்ந்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்பார்கள். இவர்கள் படித்த ஈரம்கூடக் காயாமல் இடித்தார்கள்.

சந்தனமாரி திரும்பி வந்து சி.டி.யை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கேன்டீனில் நர்ஸ் வேலியை நோக்கி ஓட ஆரம்பித்தாள். செல்வலட்சுமி உட்பட எல்லோரும் சொல்லிவைத்தாற்போல அழுதார்கள். மதிலுக்கு வெளியே பந்தலில், சற்றுமுன் செத்துப்போன அதே நர்ஸ் பனிமலையில் டூயட் ஆடிக்கொண்டிருந்தாள். விசில் காதைப் பிளந்தது. சந்தனமாரிக்கு அழுகை வரவில்லை. அவள் ஏசாத ஆள் கிடையாது, ஏச்சு வாங்கியதும் உண்டு. ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு யாரும் அவளை ஏசியதில்லை. அதுதான் உள்ளே போய் நின்றுகொண்டு அசைய மாட்டேன் என்றது.

சில நாளில் பேச்சுவார்த்தை தொடங்கிற்று. பெண்களை அவரவர் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு டில்லிபாபு அவள் எதிரில் வந்து நின்றான்.

"மாரி, அது சும்மா நடிப்பு. அங்க என்ன இன்னா பண்ண சொல்ற? அத்தினி பேரும் பாத்துகினு கீறானுங்க. நா மட்டும் 'சாப்ட்டேன், நீ சாப்ட்டியா'ன்னு கேட்டா வுட்டுடுவானுங்களா?"

"கண்ணெல்லாம் செவந்திருந்துதே. எனக்காவத்தான் அழுதிருக்கீகன்னு நெனச்சேன்."

"அது வந்து... கிளைமாக்ஸ் அப்பத்தான் முடிஞ்சிது."

உண்மையைச் சொன்னதற்காகவாவது அவனை மெச்ச வேண்டும். சந்தனமாரி அங்கேயே திரும்பி நடந்திருக்கலாம். இன்னொரு பெண் இதே கதையைச் சொல்லியிருந்தால், விளக்குமாற்றை எடு என்று சொல்லியிருப்பாள். ஆனால் தனக்கென்று வரும்போது புத்தி வேறு மாதிரி வேலை செய்கிறது. பந்தலுக்கு நடுவில் ஒற்றை ஆளாக அவன்தான் என்ன செய்வான் என்று அவளே அவனுக்காக வக்காலத்து வாங்கினாள். தவிர, கோமதியம்மாள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"வெள்ளிக்கெழம எங்கம்மா வருது. இனிமே என்னை எங்க வச்சு என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிடுதேன். எங்கம்மா முன்னால மட்டும் நாலு பேரு பாக்கச் சொல்லணும். அது ஒண்ணுதான் நான் ஒங்ககிட்ட கேக்கேன். சொல்லுவீகளா?"

"இன்னா இப்டி கேட்டுட்ட? குன்றத்தூர் முருகன் மேல சத்தியம். எவன் நின்னுகினு இருந்தாலும் எனுக்கு இன்னா? சொல்றேன்."

அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தானது. சஸ்பெண்ட் ஆனவர்கள் வேலைக்குத் திரும்பலாம். யூனியன் கொடி பறக்கலாம். ஸ்ட்ரைக் நேரத்தில் வேலை பார்த்த ட்ரைனிகள் அத்தனை பேரும் வெளியே. யூனியன் அதைக் கேட்டது, கம்பெனி சிரித்த முகமாகக் கொடுத்தது. பட்டாளம் என்று ஸ்டூலில் ஏறிச் சொன்ன மேனேஜர்தான் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட்டார். பொதுக்குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டதாக யூனியன் நோட்டீஸ் அடித்து கூட்டுரோடு வரை ஒட்டியது. ஏகமனது என்றால் அதில் டில்லிபாபுவின் மனதும் சேர்த்திதான். செல்வலட்சுமி இதை எடுத்துச் சொன்னபோது சந்தனமாரி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அத்தன பேரு கைய தூக்கையில அவுக மட்டும் என்ன செய்வாக? வேலதான போச்சு, கம்பெனியா இல்ல? எனக்கு நாளைக்கு அவுக வந்து நின்னாப் போதும்."

வெள்ளிக்கிழமை காலையில் நிரந்தரத் தொழிலாளிகள் ஊர்வலமாக உள்ளே போவதாக ஏற்பாடு. அதே நேரத்துக்குத்தான் ட்ரைனிகள் வந்து யூனிபாரத்தையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. இரண்டையும் ஒரே வேளையில் வைக்கக் கம்பெனிக்குத்தான் தோன்றும்.

கோமதியம்மாள் விடிந்ததும் செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து வந்து சேர்ந்தாள். கல்யாண வீட்டுக்கு மட்டும் எடுக்கும் அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். கையில் மருமகனுக்கென்று ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டி மிட்டாய். அறையிலேயே இரு, அவர் இங்கே வருவார் என்று மகள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

"மருமகனை ரூமுக்குள்ள ஒளிஞ்சு பாக்க நான் என்ன களவாணியா? கம்பெனி வாசல்லயே பாத்திடுதேன். அங்கன நாலு பேரு இருப்பாகள்லா."

கம்பெனி வாசல் திருவிழா போல இருந்தது. மேளம் முழங்கியது, வெடி வெடித்தது. வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கெல்லாம் சாமந்தி மாலை. ஒருவன் பன்னீர்ச் செம்போடு நின்று ஒவ்வொரு தலையிலும் தெளித்துக்கொண்டிருந்தான். மேனேஜரே லட்டுத் தட்டோடு கேட்டுக்கு வந்திருந்தார். அவரும் சண்முகசுந்தரமும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று போட்டோக்காரர் சொன்னதும் இன்னொரு தடவை கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஓரத்தில், வெயிலில், ட்ரைனிகள் மடித்த யூனிபாரத்தை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவர்களை இப்போது யாரும் கருங்காலி என்றுகூடச் சொல்லவில்லை. தோற்றவர்களைத் திட்டவும் ஆளில்லாமல் போய்விட்டது.

டில்லிபாபு ஊர்வலத்தின் முன்பகுதியில் மாலையும் குங்குமமுமாக நின்றான். சந்தனமாரி யூனிபாரத்தைச் செல்வலட்சுமி கையில் கொடுத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தாள். வரிசையை விட்டு வெளியே வந்து, நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"எம்மா, இவுகதான்" என்றாள்.

கோமதியம்மாள் ஓலைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"நல்லா இருக்கீகளா தம்பி?"

பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சண்முகசுந்தரம் வாயில் லட்டோடு திரும்பிப் பார்த்தார்.

"யாரு டில்லி இவங்க? உனுக்கு தெரிஞ்சவங்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஜெயித்த மனுஷன், நல்ல மனநிலையில் இருந்தார், சாதாரணமாகத்தான் கேட்டார். ஆமாண்ணே, நான் கட்டிக்கப்போற பொண்ணு என்று டில்லிபாபு சொல்லியிருந்தால் கூட இருந்தவர்கள் ஓவென்று கத்தியிருப்பார்கள், தோளில் குத்தியிருப்பார்கள், சொல்லவே இல்லையே மச்சான் என்று அந்த அம்மாளுக்கும் ஒரு லட்டு கொடுத்திருப்பார்கள். கூட்டத்தில் சுப்பன் உட்பட யார் கையிலும் ஒரு கம்பு கூட இல்லை. சண்டை முடிந்துவிட்டது. சுடுவதற்கு அங்கே ஒருவனும் கிடையாது. சந்தனமாரிக்கு இது எல்லாம் ஒரு நொடியில் தெரிந்தது, அதனால்தான் அவள் மனம் இன்னும் நம்பிக்கொண்டிருந்தது.

டில்லிபாபு தலையை ஆட்டினான். பன்னீர்த் துளிகள் தெறித்தன.

"இல்லண்ணே. யார்னே தெரில."

கோமதியம்மாளின் கை கூப்பியபடியே நின்றது. அந்தக் கையைப் பார்த்தபோதுதான் சந்தனமாரிக்கு நெஞ்சு வெடித்தது. தன்னை என்ன சொன்னாலும் தாங்குவதாக அவள் சொல்லியிருந்தாள். தாங்கவும் செய்தாள். கூப்பிய அந்தக் கைக்கு அவன் ஒரு வணக்கம்கூடத் திருப்பிச் சொல்லவில்லை என்பதை மட்டும் தாங்க முடியவில்லை. அவள் அம்மாவின் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். பிறகு சண்முகசுந்தரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆள் மாறிப்போச்சுண்ணே. நான் தேடி வந்த ஆளு இங்க இல்ல."

"அதான பாத்தேன்" என்று சண்முகசுந்தரம் மீதி லட்டை வாயில் போட்டுக்கொண்டார். மேளம் மறுபடி ஆரம்பித்தது, ஊர்வலம் உள்ளே போனது.

ட்ரைனிப் பெண்கள் ஒரே ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறினார்கள். வண்டி ஒரகடத்தைத் தாண்டும் வரை சந்தனமாரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு உடைந்து அழுதாள். வேலை போன துக்கம் என்று ஆட்டோக்காரர் நினைத்திருப்பார். அவனுக்காகத்தான் அழுதாள், அப்படிப்பட்ட ஒருவனுக்காக அழுகிறோமே என்பதற்கும் சேர்த்து அழுதாள். செல்வலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை.

"அவர் மனசுல நீதான்ட்டி இருப்ப. அத்தன பேரு முன்னால பயந்திருப்பாரு."

கோமதியம்மாள் மடியிலிருந்த ஓலைப்பெட்டியைப் பிரித்தாள். மருமகனுக்குக் கொண்டுவந்த மிட்டாயை எடுத்து, வேலை போன பிள்ளைகள் கையிலெல்லாம் ஒவ்வொன்றாக வைத்தாள். செல்வலட்சுமிக்குக் கொடுத்தாள். கடைசியில் மகளுடைய வாயிலும் ஒன்றை ஊட்டிவிட்டு, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"மாலையப் போட்டுத் தண்ணியத் தெளிச்சா ஆடு தலையத்தான் ஆட்டும். அது வாயத் தொறந்து சொல்லும்னு நீ சொன்னியேன்னு, நானும் பொறந்த வீட்டப் பகைச்சிட்டு வந்தேன் பாத்தியா" என்றாள்.